மாட்டின் கண்கொண்டு நோக்கிய மாது

தைப்பொங்கலின் மறுநாள் பட்டிப் பொங்கலிட்டு, பசுவுக்கும் எருதுக்கும் நெற்றியிலே திலகமிட்டு, மாலை சூட்டி, பொங்கலை அவற்றுக்கு ஊட்டி மகிழும் மரபிலே வந்தவர் நாம். நம் வாசகருட் பலர் புலால் உண்ணாதவர். உண்பவருள்ளும் மாட்டிறைச்சியைக் கையாலும் தொடாதவர் மிகப் பலர். அங்ஙனமிருக்க, மாட்டிறைச்சித் தொழிலைச் சீர்திருத்துவதிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி இவ்வாரம் எழுதப் புகுகின்றோம். வேறு விடயம் அகப்படவில்லையா என்று சிலர் முகஞ்சுளிக்கவுங் கூடும். சற்றே பொறுத்தருள்க. கோயில் வாசலிலே நின்று கருணையைப் பற்றிப் பேசுதல் எளிது. கொல்களத்தின் வாசலிலே நின்று அதனைச் செய்து காட்டுதல் எளிதன்று. அங்கு நின்று கற்றவரிடம் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு என்பதே நம் எண்ணம்.

அப்பெண்மணியின் பெயர் டெம்பிள் கிராண்டின். 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆந் திகதி பொஸ்டன் நகரிலே வசதி படைத்த ஒரு குடும்பத்திற் பிறந்தார். குழந்தைக்கு மூன்று வயது கடந்தும் பேச்சு வரவில்லை. எடுத்தணைத்தால் உடல் விறைத்து விலகியது. பிறர் முகத்தை நோக்காது தன்னுள்ளே தான் ஒடுங்கியிருந்தது. மருத்துவர் மூளைப் பழுது என்றனர். ஓட்டிசம் என்று இன்று நாம் வழங்கும் நிலை அது. அக்காலத்தில் இத்தகைய பிள்ளைகளை விடுதியொன்றிலே ஒப்படைத்துவிட்டு மறந்துவிடுவதே பெரும்பாலும் வழக்கமாயிருந்தது. போதாக்குறைக்கு, தாயின் அன்பின்மையாலேயே பிள்ளை இங்ஙனம் ஆயிற்று என்று பழிசுமத்திய உளநூலாரும் அந்நாளிலே பலர் இருந்தனர்.

தாயார் மகளை விடுதிக்கு அனுப்ப உடன்படவில்லை. பேச்சுப் பயிற்சி அளிக்க ஆசிரியை ஒருவரைத் தேடினார். பிள்ளையோடு மணிக்கணக்காக விளையாட ஒரு தாதியை அமர்த்தினார். உணவு மேசையிலே ஒழுங்காக உண்ணுதல், தன் முறை வருமளவும் காத்திருத்தல், நன்றி கூறுதல் என்றிவையெல்லாம் மற்றைப் பிள்ளைகளுக்குப் போலவே இப்பிள்ளைக்கும் விதிக்கப்பட்டன. நான்கு வயதளவிலே பேச்சுப் பிறந்தது. கடிந்து தள்ளாமலும் செல்லங் கொடுத்துக் கெடுக்காமலும் ஒரு தாய் காட்டிய உறுதியின் பயன் அது. நம் ஊர்களிலும் இத்தகைய குழந்தைகள் உளர். அவர்களை அறைக்குள் மறைத்து வைக்கும் பெற்றோரும் உளர். அவர்களுக்காகவேனும் இவ்வரலாறு எழுதத்தக்கது.

பள்ளி வாழ்வு இனிதாயமையவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் இச்சிறுமியைச் சகபாடிகள் கேலி செய்தனர். ஒருநாள் கேலி செய்த மாணவி ஒருத்திமீது புத்தகத்தை எறிந்தமையால் அப்பள்ளியினின்றும் விலக்கப்பட்டார். பின்னர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலே குதிரைகளும் வயல்களும் சூழ்ந்த ஒரு விடுதிப் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். அங்கே கார்லொக் என்னும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வாய்த்தார். அவர் செய்தது என்ன என்பதைச் சிறிது பின்னர்க் கூறுவோம்.

ஒரு கோடை விடுமுறையிலே டெம்பிள் அரிசோனா மாநிலத்திலுள்ள தம் உறவினர் ஒருவரின் கால்நடைப் பண்ணைக்குச் சென்றார். அங்கே மாடுகளுக்கு ஊசி மருந்து ஏற்றும்பொருட்டு ஒரு கூண்டு இருந்தது. மாடு உள்ளே புகுந்ததும் இருபுறத்துப் பலகைகளும் நெருங்கி வந்து அதன் விலாவை அழுத்திப் பிடிக்கும். மிரண்டு நின்ற மாடுகளுட் சில, அவ்வழுத்தம் பட்டவுடனே அமைதியுற்று நிற்பதைச் சிறுமி கண்டாள். மனித அணைப்பைத் தாங்கமாட்டாத, ஆயினும் அணைப்பின் அமைதிக்கு ஏங்கிய அப்பேதை உள்ளத்திலே ஒரு மின்னல் வெட்டிற்று. தானும் அக்கூண்டினுள் நுழைந்து பலகைகளை நெருக்கச் செய்தாள். நெடுநாளாக அவளை வாட்டிய அச்சம் சற்றுத் தணிந்தது. ஊர் திரும்பியதும் மரப்பலகைகளைக் கொண்டு தனக்கென்றே ஓர் அணைப்புக் கூண்டு செய்துகொண்டாள்.

பிறர் இதனைப் பைத்தியம் என்றனர். கைவிடச் செய்யவும் முயன்றனர். கார்லொக் ஆசிரியர் அங்ஙனம் செய்யவில்லை. அழுத்தம் ஏன் அமைதியைத் தருகின்றது என்று அறிய விரும்பினால் விஞ்ஞானம் படிக்கவேண்டும், நூல்நிலையத்திலே ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடவேண்டும் என்று வழிகாட்டினார். மாணவரின் விசித்திரப் பற்றொன்றைப் பறித்தெறியாமல், அதனையே படிக்கட்டாக்கி அறிவின் மாடத்திலே ஏற்றிவிட்டார். ஆசிரியத் தொழிலிலே இருபதாண்டு கழித்த நாம், இப்பகுதியை வாசித்தபோது நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் சிந்தித்தோம்.

கிராண்டின் அம்மையார் 1970இல் உளநூலிலே பட்டம் பெற்றார். 1975இல் அரிசோனா மாநிலச் சர்வகலாசாலையிலே விலங்கியல் வேளாண்மைத் துறையில் முதுமாணியானார். 1989இல் இலினோய்ச் சர்வகலாசாலை அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1990இல் கொலராடோ மாநிலச் சர்வகலாசாலையிலே ஆசிரியராயமர்ந்தார். பட்டங்களின் வரிசை இது. ஆனால் அவர் தொழில் கற்ற இடம் சர்வகலாசாலையன்று. அரிசோனாப் பாலைவெளியிலே வெயிலும் புழுதியுமாய்க் கிடந்த மாட்டுப் பட்டிகள்.

அமெரிக்காவின் மாட்டிறைச்சித் தொழிலின் பருமனை நம்மவர் உணர்தல் அரிது. அந்நாட்டிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று கோடி மாடுகள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. புல்வெளியிலே பிறந்து வளர்ந்த கன்றுகள் இறுதி மாதங்களிலே பெரும் தீனிப் பட்டிகளுக்குக் கொண்டுவரப்பட்டு, தானியம் ஊட்டப்பட்டுக் கொழுக்க வைக்கப்படுகின்றன. ஒரே பட்டியிலே பல்லாயிரம் மாடுகள் நிற்கும். அவற்றை ஊசி மருந்துக்கும், மருந்துக் குளிப்புக்கும், லொறிக்கும், ஈற்றிலே கொல்களத்துக்கும் ஒடுங்கிய ஒழுங்கைகளின் வழியே ஓட்டிச் செல்லவேண்டும். 1970ஆம் ஆண்டளவிலே இவ்வோட்டம் கூச்சலாலும், அடியாலும், மின்னதிர்ச்சி தரும் கோலாலுமே நடைபெற்றது. மாடு நகர மறுத்தால் அது மாட்டின் பிடிவாதம்; பிடிவாதத்துக்கு மருந்து மின்கோல். இதுவே அத்தொழிலின் இலக்கணமாயிருந்தது.

பெண்ணொருத்தி அப்பட்டிகளுள் நுழைவதை ஆடவர் விரும்பவில்லை. அருவருப்பான மாட்டுறுப்புக்களைக் கொண்டு அவருடைய மோட்டார் வண்டியை அலங்கோலஞ் செய்தனர். அவர் அழுதுகொண்டு வீடு திரும்பிவிடவில்லை. மாநிலத்து விவசாயப் பத்திரிகையொன்றுக்குக் கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். பத்திரிகையாளர் என்ற அடையாளச் சீட்டுக் கிடைத்தது. மூடிய கதவுகள் அச்சீட்டுக்குத் திறந்தன. உடையிலும் பேச்சிலும் தமக்கிருந்த குறைகளைப் பிறர் சுட்டியபோது திருத்திக்கொண்டார். தம்மை விற்பதைவிடத் தம் வேலையை விற்பதே தமக்கு எளிது என்று கண்டு, தாம் வரைந்த பட்டிப் படங்களையே எங்கும் எடுத்துச் சென்று காட்டினார்.

அவர் செய்த முதற் காரியம் மிக எளியது. கையிலே கமெராவை எடுத்துக்கொண்டு, மாடு செல்லும் ஒழுங்கையினுள் தாமே புகுந்து, மாட்டின் கண்மட்டத்துக்குக் குனிந்து நடந்தார். கண்டிருந்தோர் நகைத்தனர். ஆனால் அதுகாறும் எவர் கண்ணுக்கும் புலனாகாதவை அவருக்குப் புலனாயின. வேலியிலே தொங்கிய ஒரு சங்கிலி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எவரோ கழற்றி மாட்டிய மஞ்சள் மேற்சட்டை ஒன்று வெயிலிலே பளபளத்தது. நிலத்தில் விழுந்த நிழலொன்று கருங்கோடாய்க் குறுக்கே கிடந்தது. தேங்கிய நீரிலே ஒளி தெறித்தது. வெளிச்சத்திலிருந்து திடீரென இருண்ட கட்டடத்துள் வழி புகுந்தது. மனிதன் பொருட்படுத்தாத இச்சிறு பொருள்களே மாட்டைத் திகைத்து நிற்கச் செய்தன. மாடு பிடிவாதம் பிடிக்கவில்லை, பயந்தது. சங்கிலியைக் கழற்றினால், சட்டையை எடுத்தால், இருளிலே ஒரு விளக்கை ஏற்றினால், மின்கோலுக்கு வேலை குறைந்தது.

அவர் சொற்களாலன்றிப் படங்களாற் சிந்திப்பவர். 1995இல் வெளியான தம் நூலிலே இதனை விரிவாக எழுதியுள்ளார். நாய் என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு ஒரு பொதுக்கருத்துத் தோன்றும். அவருக்கோ தாம் வாழ்நாளிற் கண்ட நாய்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வரும். ஒரு பட்டியைக் கட்டுமுன்னரே அதனை மனக்கண்ணிலே முழுதாகக் கட்டி, அதனுள் மாட்டை நடக்கவிட்டுப் பார்ப்பார். மொழியில்லாத விலங்கும் காட்சியாலும் ஒலியாலும் மணத்தாலுமே உலகை அறிகின்றதென்பது அவர் கருத்து. சிறு ஓசைக்கும் திடீர் அசைவுக்கும் திடுக்கிடும் தம் இயல்பை மாட்டின் இயல்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். உலகம் குறையென்று ஒதுக்கிய ஒன்றே அவருக்குத் திறவுகோலாயிற்று.

மாட்டின் இயல்பு பற்றி அவர் வகுத்துக் காட்டிய விதிகள் நம் ஊர்ப் பட்டிக்காரரும் அறியத்தக்கவை. மாட்டின் கண்கள் தலையின் இருபுறத்தும் அமைந்தவை. ஆதலின் அது ஏறத்தாழத் தன்னைச் சுற்றிலும் காணவல்லது. நேர் பின்புறம் மட்டுமே அதற்குத் தெரியாது. ஆழத்தை விரைவில் மதிப்பிட மாட்டாது. எனவே நிழலும் பள்ளமும் அதற்கு ஒன்றுபோலத் தோன்றுதல் கூடும். ஒவ்வொரு மாட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையின் விளிம்பிலே மனிதன் கால்வைத்தால் மாடு மெல்ல நகரும். எல்லையை ஊடறுத்து உள்ளே பாய்ந்தால் மிரண்டு ஓடும், அன்றேல் திரும்பிப் பாயும். மாட்டின் தோளே அதன் தராசுமுள். தோளுக்குப் பின்னே நாம் நின்றால் அது முன்னே செல்லும். தோளுக்கு முன்னே நின்றால் பின்வாங்கும். இதனை அறிந்தவனுக்குக் கோல் வேண்டாம். நிற்கும் இடத்தை மாற்றினாலே போதும்.

இவ்விதிகளைக்கொண்டே அவர் ஒழுங்கைகளை வளைவாக அமைத்தார். மாடு தான் வந்த திசைக்கே திரும்பிச் செல்ல விரும்பும் இயல்புடையது. வளைந்த வழியிலே நடக்கும்போது அதற்குத் தான் புறப்பட்ட இடத்துக்கே செல்வது போன்ற உணர்வு தோன்றுகின்றது. இருமருங்கும் இடைவெளியின்றி மறைக்கப்பட்டிருப்பதால் வெளியே நடமாடும் மனிதரைக் கண்டு மிரள்வதில்லை. முன்னே செல்லும் தோழனைப் பின்பற்றி அமைதியாகவே நடந்து செல்கின்றது.

மருந்துக் குளிப்புத் தொட்டியின் கதையும் இவ்வகையினதே. உண்ணி, பேன் முதலியவற்றை ஒழிக்க மாடுகளை மருந்து கலந்த நீரிலே நீந்தச் செய்வர். தொட்டியின் ஆழம் 7 அடி. வழுக்கும் சரிவிலே தள்ளப்பட்ட மாடுகள் பீதியடைந்து, சில வேளைகளிலே பின்புறமாகப் புரண்டு மூழ்கி இறந்தன. அம்மையார் சரிவிலே ஆழமான வரிகள் வெட்டிய சீமெந்துத் தளத்தை அமைத்தார். கால் வழுக்காவிடின் மாடு தானாகவே நீருள் இறங்கும் என்றார். பட்டியிலிருந்தோர் நம்பாது, அத்தளத்தின்மேல் உலோகத் தகட்டைப் பரப்பிவிட்டனர். முதல் நாளே இரு மாடுகள் மூழ்கி மாண்டன. அவர் வந்து தகட்டை அகற்றச் செய்தார். மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைதியாக நீருள் இறங்கின. வழுக்கும் நிலமே விலங்கின் பேரச்சம் என்ற ஒரு சிறு உண்மை. அதனை அறியாமையால் எத்தனை உயிர்கள் வீணாயின!

பண்ணைச் சொந்தக்காரர் இவருக்குச் செவிசாய்த்தது அருளினாலா? பெரும்பாலும் அன்று, பொருளினால். கொல்லப்படுமுன் நெடுநேரம் பதற்றமுற்ற மாட்டின் தசையிலே சேமிக்கப்பட்டிருந்த சர்க்கரைப் பொருள் எரிந்துபோகின்றது. அதனால் இறந்தபின் இறைச்சியிலே உண்டாகவேண்டிய புளிப்பு உண்டாவதில்லை. இறைச்சி கறுத்து உலர்ந்து விரைவிற் கெடும். அடிபட்ட இடங்களிலே இரத்தங் கட்டிய தசையை வெட்டியெறியவேண்டும். மிரண்ட மாடு தொழிலாளரையும் காயப்படுத்தும். அன்பின் மொழி விளங்காத இடத்திலே இலாப நட்டத்தின் மொழியிற் பேச அவர் தயங்கவில்லை. நோக்கம் தூயதாயின் அதனைக் கேட்பவருக்கு விளங்கும் பாஷையிற் சொல்லுதல் குற்றமாகாது.

ஆயினும் நல்ல கட்டடத்தாலே மட்டும் எல்லாம் சீர்ப்படும் என்ற நம்பிக்கை அவருக்கே பின்னர் உடைந்தது. சிறந்த ஒழுங்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஆண்டுகள் சில கழித்துச் சென்று பார்த்தால், பழைய கூச்சலும் மின்கோலும் திரும்பியிருந்தன. தீமை ஒரே நாளிற் புகுவதில்லை. சிறிது சிறிதாகப் பழகி, பழகியது இயல்பாகி, இயல்பானது கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. இதற்கு அவர் கண்ட மருந்து: எண்ணுதல்.

மாட்டைக் கொல்லுமுன் உணர்விழக்கச் செய்யவேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவிலே 1958இலேயே இயற்றப்பட்டது. 1996இல் அரசாங்க விவசாயத் திணைக்களத்துக்காகப் 10 மாட்டுக் கொல்களங்களை அம்மையார் ஆராய்ந்தார். நூற்றுக்கு 95 மாடுகளையேனும் ஒரே அடியில் உணர்விழக்கச் செய்தவை அவற்றுள் 3 மட்டுமே. சட்டம் முப்பத்தெட்டு ஆண்டு ஏட்டிலே இருந்தது. மாடு கதறிக்கொண்டே இருந்தது. அவர் ஐந்து கணக்குகளை வகுத்தார். ஒரே அடியில் உணர்விழந்தவை எத்தனை? தூக்கப்படும்போது உணர்வோடிருந்தது ஒன்றேனும் உண்டா? கதறியவை எத்தனை? வழுக்கி விழுந்தவை எத்தனை? மின்கோல் பட்டவை எத்தனை? நூறு மாட்டிலே கதறுபவை மூன்றுக்கு மேற்படலாகாது. விழுவது ஒன்றுக்கு மேற்படலாகாது. நன்றாகச் செய்க என்று பொதுப்பட உபதேசிப்பதை விட்டு, எவரும் நின்று எண்ணிப் பார்க்கக்கூடிய அளவுகோலை அவர் கொடுத்தார்.

1999இல் மக்டொனால்ட்ஸ் என்னும் பெரும் உணவு நிறுவனம், தனக்கு இறைச்சி விற்கும் கொல்களங்களை இவ்வளவுகோலாலே சோதிக்க முன்வந்தது. சோதகருக்கு அம்மையாரே பயிற்சியளித்தார். தேறாவிடின் வியாபாரம் இல்லை. அவ்வாண்டிலேயே சோதிக்கப்பட்ட 41 மாட்டுக் கொல்களங்களுள் 37, ஒரே அடி என்னும் கணக்கிலே தேறின. அதற்கு முந்திய இருபத்தைந்து ஆண்டுகளிலே காணாத மாற்றத்தை அவ்வோராண்டிலே கண்டதாக அவர் கூறியிருக்கின்றார். பெரும்பாலான இடங்களிலே புதுக் கட்டடம் தேவைப்படவில்லை. விளக்கை மாற்றினர், வழுக்கும் தளத்தைத் திருத்தினர், கருவியைப் பழுது பார்த்தனர், ஆட்களைப் பயிற்றினர். வட அமெரிக்காவின் கொல்களங்களுக்குச் செல்லும் மாடுகளுள் ஏறத்தாழப் பாதி அவர் வகுத்த அமைப்புக்களின் வழியே செல்கின்றன என்பர்.

இடையிலே ஒரு சுவையான செய்தி. நம்மவர் மாடு வாங்கும்போது சுழி பார்ப்பர். இன்ன இடத்திலே சுழியிருந்தால் குடும்பத்துக்கு ஆகும், இன்ன இடத்திலே இருந்தால் ஆகாது என்பர். அம்மையாரும் மாட்டின் முகச் சுழியை ஆராய்ந்தவர்! 1995இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, கண்மட்டத்துக்கு மேலே நெற்றியிலே சுழியமைந்த மாடுகள், கட்டிப் பிடிக்கும்போது மற்றவற்றிலும் மிகுதியாகப் பதறின. நம் சுழி சாத்திரம் உரிமையாளனின் அதிர்ஷ்டத்தை நாடிற்று. அவருடைய ஆராய்ச்சி மாட்டின் மனத்தை நாடிற்று. பார்த்த இடம் ஒன்றே. கேட்ட கேள்வி வேறு.

இனி, நேயர் மனத்திலே இவ்வளவு நேரமும் உறுத்திக்கொண்டிருக்கும் வினாவுக்கு வருவோம். ஈற்றிலே கொல்லத்தானே போகின்றார்கள்? கொலைக்குச் செல்லும் வழியை மலர்ப்பாதையாக்குதல் கருணையா, கொலைஞனின் மனச்சான்றுக்குத் தாலாட்டா? விலங்குகளின் பொருட்டு வாதாடுவோர் பலர் அமெரிக்காவிலேயே அவரிடம் இவ்வினாவை எழுப்பியுள்ளனர். அவர் புலால் உண்பவர், அதனை மறைத்ததில்லை. மனிதன் வளர்க்காவிடின் இம்மாடுகள் பிறந்தேயிரா. பிறப்பித்த நாம் அவற்றுக்கு நல்வாழ்வும் நோவற்ற இறப்பும் அளிக்கக் கடமைப்பட்டவர் என்பது அவருடைய விடை.

அவ்விடை நமக்கு முழுமையாக உடன்பாடன்று. கொல்லாமைக்கும் புலான் மறுத்தலுக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அதிலே தளர்வில்லை. பிறப்பித்தவன் என்பதனாற் கொல்லும் உரிமை உண்டாகுமாயின், பெற்றவருக்கு அவ்வுரிமை ஏன் இல்லை என்ற கேள்வி எழும். மாட்டின் உயிர் அதனுடையதே என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் ஒன்றை நேர்மையோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும். நாம் இறைச்சி உண்ணாதிருப்பதனால், நாளைக் காலை கொல்களத்துக்குச் செல்லவிருக்கும் மாட்டின் இன்றைய அச்சம் சிறிதும் குறைந்துவிடவில்லை. அதன் கால் வழுக்குவதும், முதுகிலே மின்கோல் படுவதும், கண்ணிலே நிழல் மிரட்டுவதும் நம் விரதத்தால் நின்றுவிடவில்லை. குனிந்து பார்த்து எண்ணிய ஒரு பெண்ணால் அவை குறைந்தன. உலகம் முழுதும் புலால் மறுக்கும் நாள் வரட்டும். வரவேண்டும் என்பதே நம் வேண்டுதல். அந்நாள் வருமளவும், அச்சமுறும் உயிரின் அச்சத்தைக் குறைப்பதும் அறத்தின் பாற்பட்டதே. நாளைய நியாயத்துக்காக இன்றைய நோவைக் காணாதிருத்தல் அறமன்று.

அன்றியும், வணங்குகின்ற நம் நாட்டிலே மாட்டின் நிலை யாது? கறவை வற்றிய பசுவைத் தரகரிடம் விற்கின்றோம். அது எங்கே செல்கின்றது என்று கேட்பதில்லை. கேட்டால் விடை வந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். லொறியிலே ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டப்பட்டு, நீரின்றி நெடுந்தூரம் செல்லும் மாடுகளை வீதியிற் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றோம். சவாரித் திடலிலே தார்க்கோல் பட்டுப் பாயும் எருதைக் கண்டு ஆரவாரிக்கின்றோம். பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் குறிசுடும்போது கன்று போடும் கதறலை, அஃது அவ்வேளைக்குரிய ஓசை என்றே கொள்கின்றோம். விலங்குகளை வதைத்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் நம் நாட்டிலே 1907இலேயே இயற்றப்பட்டது. சட்டம் இயற்றிவிட்டால் கதறல் நின்றுவிடாது என்பதை அமெரிக்காவின் முப்பத்தெட்டு ஆண்டு நமக்குக் காட்டவில்லையா?

நமக்கு அன்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. அன்பு நிரம்ப உண்டு. பசு இறந்தால் வீட்டிலே ஒருவர் இறந்தாற்போல அழுகின்ற தாய்மாரை நாம் அறிவோம். அன்புக்குத் துணையாக ஒரு கண் வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது. உள்ளம் உருகினால் மட்டும் மாட்டின் கால் வழுக்காதிராது. எங்கே வழுக்குகின்றது என்று பார்த்து, அங்கே இரண்டு கூடை மணலைக் கொட்டவேண்டும். எளிதிலே நெகிழும் இயல்பினரென்று கிராண்டின் அம்மையாரை எவரும் சொல்லார். பிறர் முகக்குறிப்பை அறிவதே அவருக்குப் பெரும்பாடு. ஆயினும் அவர் பார்த்தார். பார்த்ததனால் கோடிக்கணக்கான உயிர்களுக்கு இறுதி மணித்தியாலங்களின் துன்பம் குறைந்தது.

மாடு வளர்க்கும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். இன்று மாலை மாட்டைக் கொட்டிலிலே கட்டும்போது, ஒரு முறை அதன் கண்மட்டத்துக்குக் குனிந்து பாருங்கள். தலைக்கயிறு எங்கே அறுக்கின்றது, நிலம் எங்கே வழுக்குகின்றது, காற்றிலே ஆடி அதனை மிரட்டும் சாக்குத்துண்டு எங்கே தொங்குகின்றது என்று தெரியும். அதனை அவிழ்த்து எறியக் காசு வேண்டாம். மாடு வளர்க்காத நேயர்களுக்கு வேறொரு விண்ணப்பம். பேசாத ஒரு குழந்தை உங்கள் சுற்றத்திலே இருக்குமாயின், அதன் பிடிவாதத்தைக் கண்டு கையோங்குமுன், அது எதைக் கண்டு அஞ்சுகின்றது என்று குனிந்து பாருங்கள். தாம் அஞ்சியது எதனை என்று பின்னாளில் எடுத்துச் சொல்லும் வாய்ப்பு ஒரு டெம்பிள் கிராண்டினுக்குக் கிட்டியது. மற்றைப் பிள்ளைகளுக்காக நாமே கண்டறிதல் வேண்டும்.